மணிக்குப் பிறகு ஏழு எழுத்து

என் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தையை வாங்குவதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று என்பான் என் மகன். பொய் இல்லை. நான் தையல்காரி. அதிலும் புதுத் துணி வெட்டித் தைப்பதைவிட, மற்றவர்கள் தைத்துக் கெடுத்ததைப் பிரித்துச் சரிசெய்து கொடுப்பதில்தான் எனக்குப் பேர். காலையில் கடையைத் திறந்து நான்கு பேர் உடுப்பில் குற்றம் கண்டுபிடித்தால்தான் மத்தியானம் சாப்பாடு. இருபத்தெட்டு வருடம் இப்படியே ஓடிவிட்டால் நாக்கில் எங்கேயிருந்து தேன் சுரக்கும்? எது எவ்வளவு நன்றாக இருந்தாலும் ‘பரவாயில்லை’ என்பேன். எனக்கு அதற்கு மேல் படியே கிடையாது. மகன் பரீட்சையில் முதலாவதாக வந்தபோதும் அதைத்தான் சொன்னேன். இன்றுவரை சொல்லிக்காட்டுகிறான்.

அப்படிப்பட்டவள் இன்றைக்கு என் சம்பந்தியின் பெருமையைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். சம்பந்தி என்றால் என் மருமகளைப் பெற்றவர். மருமகளின் அம்மாவை ஒரு மாமியார் வாயாரப் புகழ்ந்து நீங்கள் எங்காவது கேட்டிருக்கிறீர்களா? இப்போது கேட்டுக்கொள்ளுங்கள். பியானோ முன்னால் ஜாஸ் வாசிக்க உட்கார்ந்தால் அந்த அம்மாளுக்கு நிகர் அந்த அம்மாள்தான். ஏதோ ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. இதைச் சொல்லும் நிலைக்கு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவருக்குப் பிழைப்பு டைப் அடிப்பது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடமாக ஊரார் வீட்டுக்கும் நிலத்துக்கும் பத்திரம் அடித்துக் கொடுக்கிறார். சனிக்கிழமை மட்டும் மாலை நான்கிலிருந்து ஆறுவரை, கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஹோட்டலின் தேநீர்க் கூடத்தில் பியானோ வாசிப்பார். என் மகன், கட்டினால் அவர் மகளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றபோது, சரி, பெற்றவளிடம் பேசிப் பார்ப்போம் என்று போன் செய்தேன்.

“சனிக்கிழமை ஹோட்டலுக்கே வந்துடுங்களேன். அஞ்சு மணிக்கு எனக்குப் பத்து நிமிஷம் ஓய்வு இருக்கு. அதுல பேசி முடிச்சிடலாம்” என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! கல்யாணப் பேச்சா, பல் பிடுங்குகிற வேலையா, பத்து நிமிஷத்தில் முடிக்க? இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவதென்று தீர்மானம் செய்துகொண்டுதான் கிளம்பினேன். மகனை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

கூடத்தில் இருபது மேஜை இருக்கும். கனத்த திரைச்சீலைகள், அடி மடிப்பு கோணலாகத் தைத்திருந்தது. ஒரு கோடியில் கவுண்டர். அதன் மேல் பித்தளை மணி ஒன்று. உள்ளேயிருந்து தட்டு தயாராகி வந்தால் மணியின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள், ‘டிங்’ என்னும், பரிமாறுகிறவர் ஓடுவார். கவுண்டரை ஒட்டி ஒரு கறுப்புப் பியானோ, சுவரோடு சாய்ந்து நிற்கிற வகை. நான் தூணோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குள்ளமாக, பூசினாற்போல உடம்போடு, சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு பெண்மணி வந்து, இரண்டு கையையும் மடியில் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

முதலில் இடது கை தனியாக நடக்க ஆரம்பித்தது. ஆமாம், நடைதான். நேரத்துக்கு வேலைக்குப் போகிற ஆளின் நடை. ஓட்டமும் இல்லை, சோம்பலும் இல்லை. அப்புறம் வலது கை வந்தது. வந்ததா, அது அந்த நடைக்கு ஒரு மயிரிழை பின்தங்கி வந்தது. எனக்குப் பிசகென்றால் மூக்கு வியர்த்துவிடும். இதோ மாட்டிக்கொண்டாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மறுபடியும் அதே மயிரிழை. அதற்கடுத்த முறையும் அதே மயிரிழை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடேயப்பா, வேண்டுமென்றே செய்கிறாள்! அந்தச் சின்ன இடைவெளியில்தான் விஷயமே இருந்தது. அது ஆளைப் பிடித்து இழுத்தது. மேஜைக்கு அடியில் என் வலது கால் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மிதிக்கத் தொடங்கியிருந்தது, தையல் நேராக ஓடும்போது மிதிக்குமே, அதே மாதிரி. அழுத்திப் பிடித்தேன். நிற்கவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். பாட்டு தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று வலது கை பிடித்துக்கொண்டு ஓடும். கண் தொடர முடியாத வேகம். ஆனால் ஒரு சுரம்கூட இன்னொன்றின் மேல் ஒட்டாது, பொடித் தையல் மாதிரி தனித்தனியாக எண்ணிக்கொள்ளலாம். ஓடி முடித்த நொடியில் இடது கை மேலே பறந்து, வீசிய வேகத்தில் இடது ஓரத்தில் ஒரு கனத்த சுரத்தின் மேல் விழும். தரை அதிரும். அப்படி மூன்றாவது முறை வீசியபோது ‘டர்ர்’ என்று இன்னொரு சத்தமும் கேட்டது. கோட்டின் இடது அக்குள் பிரிந்துவிட்டது. அந்தக் கூடத்தில் அதைக் கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஐந்து மணிக்கு நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

“எப்படி?” என்றார்.

வாசிப்பைக் கேட்கிறார் என்று நினைத்து, “பரவாயில்ல” என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “ரொம்ப சந்தோஷம் சம்பந்தி! அப்போ தேதி பாத்துடலாமா?” என்றார்.

அவர் கேட்டது மகளைப் பற்றி. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். இல்லை, நான் சொன்னது பியானோவுக்கு என்று எந்த வாயால் சொல்வது? காலோ இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது. “இடது அக்குள் பிரிஞ்சிருக்கு. கழட்டிக் குடுங்க, தெச்சுத் தர்றேன்” என்று மட்டும் சொன்னேன். என் மகன் கல்யாணம் இப்படித்தான் நிச்சயமானது.

கோட்டைத் திருப்பி வாங்க அவர் என் கடைக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த இடத்தை அதற்கு முன்பே நான்கு முறை யார் யாரோ தைத்திருந்தார்கள். நான் தையலை முழுக்கப் பிரித்து, அக்குளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வைத்து ஒட்டுப் போட்டிருந்தேன். கையை இறக்கினால் மடிந்து மறைந்துகொள்ளும், வீசினால் விரியும்.

“எதுக்கு அந்த வீச்சு வீசறீங்க?” என்று கேட்டேன்.

“அது பியானோ பழக்கம் இல்லைங்க, டைப் பழக்கம்” என்று சிரித்தார். “டைப் மெஷின்ல வரி முடியப் போறப்ப மணி அடிக்கும். மணி அடிச்சா இன்னும் ஏழு எழுத்துக்குத்தான் இடம் இருக்குன்னு அர்த்தம். அதுக்குள்ள வார்த்தையை முடிச்சுட்டு இடது கையால கம்பியைப் பிடிச்சு ஒரே தள்ளு. அடுத்த வரிக்குப் போயிடும். ஹோட்டல்ல பக்கத்துலயே அந்தக் கவுண்டர் மணி இருக்கா, அது ‘டிங்’குன்னா என் கை ஓடிடுது. நான் என்ன பண்ணட்டும்?”

“இப்போதான் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வந்துடுச்சே?”

“கம்ப்யூட்டர் வந்துச்சு, கைப்பழக்கம் போகலையே! பக்கத்து மேஜைக்காரரோட டீ கிளாஸ் மூணு உடைஞ்சப்புறம் அவரே மேஜையை நகத்திப் போட்டுக்கிட்டார்.”

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே அதுதான் நடந்துகொண்டிருந்தது. இதிலிருக்கும் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துப் பாருங்கள். சமையலறைக்காரர் பாட்டைக் கேட்டா மணி அடிக்கிறார்? கேக் வெந்தால் அடிக்கிறார். பாட்டின் எந்த இடத்திலும் அது வந்து விழலாம். விழுந்த இடத்திலிருந்து ஏழே சுரத்துக்குள், சில சமயம் அந்த இடத்தில் ஒன்பது பத்தை நெருக்கி அடைத்து, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்து, தாளம் ஒரு இழை தப்பாமல் அந்த அம்மாள் அடுத்த வரிக்குப் போய்விடுவார். வருடக்கணக்கில் ஒரு மணியும் அவரைத் தடுக்கி விழவைத்ததில்லை.

பள்ளிக்கூடத்து இசை அறையில் கற்றதோடு அவருக்குப் பாடம் முடிந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவில் சுவர் வழியாகக் கேட்ட ஜாஸ்தான் மற்றதெல்லாம். பதினெட்டு வயதில் டைப் அடிக்க உட்கார்ந்துவிட்டார். கணவர் போய் ஒன்பது வருடம். நான்காவது மாடியில் இரண்டு அறை வீடு, மகள் கல்யாணமாகி வரும்வரை அவளோடு. அங்கே பியானோ கிடையாது. சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் சாக்பீஸால் கட்டைகளை வரைந்து வைத்துக்கொண்டு வாசித்துப் பழகுவாராம். “அம்மா குஷியா இருந்தா தட்டெல்லாம் குதிக்கும், அத்தை” என்று கல்யாணமான புதிதில் மருமகள் சொன்னாள். நிஜப் பியானோவில் கை படுவது வாரத்தில் இரண்டு மணி நேரம், அந்த ஹோட்டலில் மட்டும்.

அதற்கப்புறம் நான்கு வருடம், சனிக்கிழமை தோறும் எனக்கு அந்தப் பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும். பட்டன் வாங்க வேண்டும், நூல் வாங்க வேண்டும். பட்டன் கடை அந்தத் தெருவிலேயே இல்லை என்பதை என் மகன் கண்டுபிடித்துவிட்டான், வெளியே சொல்லவில்லை. ஓய்வு நேரத்தில் அவர் வந்து “எப்படி?” என்பார். நான் “பரவாயில்ல” என்பேன். ஒரு தடவையாவது வேறு வார்த்தை வராதா என்று அந்த அம்மாள் ஒரு நொடி நின்று பார்ப்பார். எனக்கு வராது. உள்ளே ததும்பிக்கொண்டிருக்கும், வாசலுக்கு வந்ததும் பரவாயில்லையாகச் சுருங்கிவிடும். அது ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

குறை சொல்வதென்றால் மட்டும் நாக்கு முந்திக்கொள்ளும். ஒரு சனிக்கிழமை நடுவில் ஒரு கட்டையைத் தப்பாக அடித்துவிட்டார். கல்லைக் கடித்த மாதிரி இருந்தது. அவர் நிறுத்தவில்லை. அதே தப்பான கட்டையை இன்னொரு முறை அடித்தார். மூன்றாம் முறையும் அடித்தார். அப்புறம் அதைச் சுற்றியே ஒரு சின்னப் பாட்டைக் கட்டி, அதன் தலையில் அந்தக் கட்டையைத் தூக்கி வைத்து ஊர்வலம் விட்டார். முடியும்போது அந்தக் கட்டை இல்லாமல் அந்தப் பாட்டே இல்லை என்றாகிவிட்டது. வாயில் ஈ புகுந்தால்கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் வந்ததும், “நடுவுல ஒண்ணு பிசகிடுச்சே?” என்றுதான் கேட்டேன்.

“பிசகினதுதான்” என்றார். “பத்திரத்துல அடித்தல் திருத்தல் கூடாது, சம்பந்தி. ரப்பர் போட்டா செல்லாது. தப்பா ரெண்டு எழுத்து விழுந்துடுச்சுன்னா, அந்த ரெண்டு எழுத்துல ஆரம்பிக்கிற வேற நல்ல வார்த்தையைத் தேடிப் பிடிச்சு முடிச்சுடணும். விழுந்தது விழுந்ததுதான், அப்புறம் என்ன அடிக்கிறோம்கறதுலதான் இருக்கு.”

இதைக் கேட்டுக்கொண்டு நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஹோட்டலுக்குப் புது மேனேஜர் வந்தார். டை கட்டிய ஒல்லி மனிதர், மரியாதைக்குக் குறைவில்லை. ஒரு புதன்கிழமை மாலை சம்பந்தி என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தைக்க ஒன்றும் கொண்டுவரவில்லை.

“நான் வாசிச்சா கூடத்துல ஸ்பூன் எல்லாம் நின்னுடுதாம். டீ ஆறிப்போச்சுன்னு புகாராம். ‘இசை பின்னாடி இருக்கணும் மேடம், முன்னாடி வரக் கூடாது’ங்கறார். இந்த சனிக்கிழமை அவரே உட்கார்ந்து கேக்கப் போறாராம். ஒரு ஸ்பூன்கூட நிக்கக் கூடாது. நின்னா அடுத்த வாரத்துலேர்ந்து எனக்குப் பதிலா ஸ்பீக்கர்.”

“கவுண்டர் மணி அடிச்சா ஓடிடுவீங்களே?”

“அதையும் சொல்லிட்டேன். அன்னிக்கு யாரும் மணியைத் தொடக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கார்.” தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். “எங்க வீட்டு மாடிப்படி திரும்பற இடத்துல கட்டிலே ஏறல, பியானோ எங்கேர்ந்து ஏறும்? எனக்கு இருக்கறது அந்த ஒண்ணுதான், சம்பந்தி. அது போச்சுன்னா மறுபடி சாப்பாட்டு மேஜைதான். நீங்க வந்து உட்காருங்க. தெரிஞ்ச முகம் ஒண்ணு இருந்தா கையை அடக்கிக்குவேன்.”

“மெதுவாவே வாசிச்சுத் தொலைங்களேன். என்ன குடியா முழுகிடும்?” என்றேன். நான்தான் சொன்னேன்.

சனிக்கிழமை தூணோரம் போய் உட்கார்ந்தேன். மேனேஜர் நடு மேஜையில் டீயோடு இருந்தார். சம்பந்தி வாசித்தார். அதே பாட்டுகள். தப்பு என்று ஒரு இடத்தைக் காட்ட முடியாது. ஆனால் இடது கை நடக்கவில்லை, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. அந்த மயிரிழை இடைவெளி காணோம். வலது கை நல்ல பிள்ளையாக நேரத்துக்கு வந்தது. நான் வைத்துக் கொடுத்த ஒட்டுத் துணி ஒரு முறைகூட விரியவில்லை. முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டிக் கிடந்தன. கூடம் முழுக்க ஸ்பூன் சத்தம் சிணுங்கிக்கொண்டே இருந்தது. என் கால் செத்துக் கிடந்தது.

மேனேஜர் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். மணி ஐந்தரை. இன்னும் அரை மணி நேரம் நான் வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அந்த அம்மாள் தப்பித்திருப்பார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேஜையில் இருந்தவள் தன் தோழியிடம், “இங்க ஸ்பீக்கர்ல நல்லாத்தான் போடறாங்க” என்றாள்.

ஸ்பீக்கர்! எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஆறடி தள்ளி ஒரு மனுஷி உட்கார்ந்து வாசிக்கிறாள், அவள் வாசிப்பது தெரியாமல் இவள் பிஸ்கட்டைத் தின்கிறாள்! எழுந்தேன். கை கழுவப் போகிறவள் மாதிரி கவுண்டர் வரை போனேன். மணி ஓரமாக இருந்தது. யோசித்தேனா என்று கேட்காதீர்கள். தெரிந்துதான் செய்தேன். ஓங்கி ஒரு தட்டு.

டிங்.

அந்த அம்மாளின் முதுகு நிமிர்ந்தது. அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்ததெல்லாம் வலது கையில் வந்து சேர்ந்து, கட்டைகளின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடியது. இடது கை பறந்தது, ஒட்டுத் துணி விரிந்தது, கனத்த சுரம் விழுந்தது, மேஜைகளில் கோப்பைகள் அதிர்ந்தன. விழுந்த கை சும்மா இருக்கவில்லை; நடக்க ஆரம்பித்துவிட்டது. அதே நடை, அதே மயிரிழை, ஆனால் ஒன்றரை மணி நேரப் பட்டினி கிடந்த நடை. வலது கை ஒரு சின்னக் கேள்வி கேட்டது, இடது கை பதில் சொன்னது, சொல்வதற்குள் வலது கை குறுக்கே பேசியது. இரண்டும் அக்காவும் தங்கையும் மாதிரி சண்டை போட்டுக்கொண்டு, தாளத்தில் மட்டும் கையைக் கோத்துக்கொண்டு போயின. ஸ்பீக்கர் என்று சொன்னவள் நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டாள். பரிமாறுகிறவர் தட்டோடு நின்றுவிட்டார். ஒரு ஸ்பூன் அசையவில்லை. குண்டூசி விழுந்தால் கேட்கும்.

முடிந்ததும் கைதட்டினார்கள். மேனேஜர் அது அடங்கும்வரை காத்திருந்து, அருகில் வந்து, பியானோ மூடியைத் தானே மெதுவாகச் சாத்தினார். “நல்லா வாசிச்சீங்க மேடம். ஆனா நான் சொன்னது சொன்னதுதான்” என்றார்.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அங்கே போய் நின்ற பிறகு அவர் தெருவைப் பார்த்தபடி கேட்டார். “மணி அடிச்சது நீங்கதானே?”

“ஆமா.”

“ஏழு எழுத்துக்குத்தான் இடம் இருந்துச்சு. பதினொண்ணு போட்டேன்.”

“தப்புப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுடுங்க, சம்பந்தி.”

“பரவாயில்ல” என்றார்.

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், திருப்பி இரண்டு வார்த்தை சொல்லியும் இருப்பேன். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இருபத்தெட்டு வருடமாக அதை எல்லோருக்கும் எடுத்து எடுத்துக் கொடுத்தவள் நான். என் கையில் யாரும் கொடுத்ததில்லை. அது வாங்கிக்கொள்கிறவருக்கு எவ்வளவு கொஞ்சமாக இருக்கும் என்று அந்த பஸ் நிறுத்தத்தில்தான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்று சனிக்கிழமை போயின. மருமகள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. “அம்மா மறுபடி மேஜையில வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க, அத்தை” என்று மட்டும் ஒரு நாள் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் காலை கடையை மூடிவிட்டு நேராக ஹோட்டலுக்குப் போனேன். யாரிடமும் பல்லைக் காட்டிப் பழக்கமில்லாதவள், அந்த ஒல்லி மனிதர் முன்னால் போய் நின்று, தப்பு என்னுடையது, அந்த அம்மாளைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கேட்டேன்.

“ஸ்பீக்கர் வந்துடுச்சு மேடம். பியானோவை எடுத்துட்டு அந்த இடத்துல ரெண்டு மேஜை போடறோம்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உண்மையைச் சொன்னா அன்னிக்கு என் டீயும்தான் ஆறிப்போச்சு. பியானோ பின்னாடி குடோன்லதான் கிடக்கப் போகுது. திங்கட்கிழமைக்குள்ள ஆளைக் கூட்டிட்டு வந்து எடுத்துக்கறதுன்னா எடுத்துக்குங்க” என்றார்.

கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். அங்கேயே அளந்தேன். நாலடி பத்து அங்குலம் நீளம், இரண்டடி அகலம். என் கடை தரைத்தளம், ஷட்டர் கதவு, யானையே உள்ளே வரலாம். இடிப்பது ஒன்றுதான், நான் துணி வெட்டும் ஆறடி மேஜை. சாயங்காலமே தச்சரைக் கூப்பிட்டு அதில் இரண்டடியை அறுத்துப் போடச் சொன்னேன்.

மகனுக்குக் கண் பிதுங்கிவிட்டது. “அம்மா, அந்த மேஜை மேல ஒரு தடவை காபி டம்ளர் வெச்சதுக்கு எனக்கு அடி விழுந்திருக்கு!”

“இப்பவும் வெச்சா விழும்” என்றேன்.

செவ்வாய்க்கிழமை அலுவலகம் விட்டதும் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக்கு வரும்படி மருமகளிடம் சொல்லி அனுப்பினேன். சம்பந்தி ஐந்தரைக்கு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். பியானோ இந்தச் சுவரோரம், அறுபட்ட மேஜை அந்தச் சுவரோரம், நடுவில் நான் கையில் கத்தரிக்கோலோடு, மூலையில் உடுப்பு மாற்றும் திரை. அவர் மேஜையின் வெட்டுப்பட்ட முனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போய் உட்கார்ந்து கையை மடியில் துடைத்துக்கொண்டார்.

“திரைக்குப் பின்னாடி யாரோ அளவு பாக்கறாங்க போலிருக்கே. மெதுவா வாசிக்கட்டுமா?”

“மெதுவா வாசிக்கறதுன்னா ஹோட்டலுக்கே போங்க” என்று சொல்லி, கத்தரிக்கோலால் இஸ்திரிப் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். டிங்.

எவ்வளவு நேரம் வாசித்தார் என்று தெரியாது. திரைக்குப் பின்னால் இருந்தவள் ஒரு கை மாட்டியும் ஒரு கை மாட்டாமலும் வெளியே வந்து நின்று கேட்டாள். நான் ஒரு பாவாடைக்கு அடி மடித்துத் தைத்து முடித்திருந்தேன். பிறகு பார்த்தால் ஒரே மடிப்பின் மேல் மூன்று முறை ஓட்டியிருக்கிறேன், நேர்கோடாக. கடைசி சுரத்தை விட்டுக் கையை எடுத்து, அவர் என் பக்கம் திரும்பினார்.

“எப்படி?” என்றார்.

நாக்கு இருக்கிறதே, அது மகா துரோகி. “பர...” என்று ஆரம்பித்தே விட்டது. பாதியில் நிறுத்தினேன். அவர் கண்ணில் அந்தப் பழைய ஒரு நொடி வந்து நின்றது. இரண்டு எழுத்து விழுந்துவிட்டது, இனி ரப்பர் போட முடியாது. அந்த இரண்டில் ஆரம்பிக்கிற வேறு நல்ல வார்த்தை எது? புத்தகத்தில் படித்ததோடு சரி, என் ஜன்மத்தில் சொன்னதில்லை. சொன்னேன்.

“பரவசமா இருந்துச்சு, சம்பந்தி.”

அவர் டைப் அடிப்பவர் இல்லையா, எழுத்து எங்கே மாறியது என்று தெரியாமல் போகுமா? முதலில் சிரித்தார். அப்புறம் கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடித்தல் திருத்தல் இல்லையே?” என்றார்.

“இல்ல” என்றேன்.